சிப்பிக் காளானை ஸ்போரிலிருந்து வளர்த்துப் பார்த்த பதிவு

காளான் வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தயாராக விற்கும் தானிய வித்தை, அதாவது காளான் இழை படர்ந்த தானியத்தை, வாங்கி, வைக்கோலில் தூவி, பையில் அடைத்து, ஈரம் பார்த்து அறுவடை செய்துவிடுவார்கள். விளைச்சல் மட்டும் வேண்டுமென்றால் அது போதும். எனக்கு அதற்கு முந்தைய கட்டங்களையும் பார்க்க வேண்டும் என்று ஆசை: காளானின் விதை போன்ற நுண்துகளான ஸ்போர் எப்படி முளைக்கிறது, அதிலிருந்து வரும் நூல் போன்ற இழை எப்படி ஓடுகிறது, இரண்டு இழைகள் எப்படி ஜோடி சேர்கின்றன. ஆகவே ஒரு சிப்பிக் காளானின் ஸ்போரை எடுத்து முளைக்கவிட்டு, ஜோடி சேர்த்து, தானியத்தில் ஏற்றி, வைக்கோலுக்கு மாற்றி, மறுபடி காளான் எழும்பும் வரை கொண்டுபோனேன்.

வளர்ப்புக் குறிப்புகளில் வரும் விதிகள் முதலில் தனித்தனியான கட்டளைகளாகத்தான் தெரியும். வைக்கோலை வெந்நீரில் போடு, பிழிந்து பார், துளை போடு, காற்று விடு. இழையைப் பார்த்துப் பழகியபின் அவை எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருவது புரிகிறது. நாம் காளான் என்று பறிப்பது ஸ்போர் பரப்புவதற்காக எழும்பும் உறுப்பு. அந்த உயிரி வாழ்வதும் தின்பதும் வளர்வதும் இழையாகத்தான்.

ஸ்போர் அச்சு

நன்றாக விரிந்த, ஓரம் இன்னும் மேல்நோக்கிச் சுருளாத காளான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தண்டை வெட்டினேன். குடைக்கடியில் தகடு தகடாக இருக்கும் செவுள் பக்கம் கீழே வரும்படி குடையை வைத்தேன். பாதி சுத்தமான அலுமினியத் தாள் மேலும், பாதி நுண்ணோக்கிக் கண்ணாடி வில்லை மேலும். காற்று அடிக்காமல் கிண்ணம் கவிழ்த்து ஓர் இரவு விட்டால், வெள்ளையில் சற்றே ஊதா சாம்பல் கலந்த பொடி கோடு கோடாகப் படிந்திருக்கும்.

அந்தக் கோடுகள் செவுள்களின் படம் அல்ல, செவுள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளின் படம். ஸ்போர்கள் செவுளின் பக்கச் சுவரில் உருவாகின்றன. அங்கே கதாயுத வடிவத்தில் நிற்கும் ஒவ்வொரு செல்லுக்கும் பசிடியம் என்று பெயர். அதன் தலையில் நான்கு கூரிய காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு ஸ்போர். வெறுமனே உதிர்ந்தால் ஸ்போர் எதிர்ச் சுவரிலோ அடுத்த பசிடியத்திலோ ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குக் காளான் கண்டிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்போரின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள்கிறது. ஸ்போரின் பக்கவாட்டில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றும் இருக்கிறது. துளி பெருத்துப் படலத்தைத் தொட்டதும் இரண்டும் கண நேரத்தில் ஒன்றாகின்றன. அப்போது வெளிப்படும் பரப்பு இழுவிசை ஆற்றல் ஸ்போரைக் காம்பிலிருந்து உதைத்துத் தள்ளுகிறது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் போகும். அதற்குள் காற்றின் தடை நிறுத்திவிட, இடைவெளியின் நடுவில் நேர்கீழாக விழுகிறது. இதை விரிவாக ஆராய்ந்த கனடா பேராசிரியர் புல்லரின் பெயரால் அந்தத் துளியைப் புல்லர் துளி என்கிறார்கள்.

இதனால்தான் செவுள்கள் நேர்செங்குத்தாகத் தொங்க வேண்டியிருக்கிறது. பின்னால் காளான் வந்த ஒரு பையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காளான்கள் தண்டை வளைத்து, குடையைத் திரும்பவும் மட்டமாக்கிக்கொண்டன. முற்றிய காளான்களால் அது முடியவில்லை.

தட்டில் முளைக்க வைத்தது

ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் மால்ட் சாறு, கூழாக உறையவைக்க 20 கிராம் அகர். பிரஷர் குக்கரில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது 121 டிகிரி செல்சியஸில், 20 நிமிடம். ஆறியும் உறைவதற்கு முன் மூடியுள்ள கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினேன். வேலை எல்லாம் கை நுழைக்க இரண்டு ஓட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். உள்ளே காற்று அசையாமல் இருந்தால் மிதக்கும் ஸ்போர்கள் கீழே அடங்கிவிடும். பெட்டியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பதாக இருந்தால் அதற்குள் தீயைக் கொண்டுபோகக் கூடாது. கத்தியை வெளியே காய்ச்சி, ஆறவிட்டு உள்ளே கொண்டுபோகலாம், அல்லது முன்பே குக்கரில் கிருமி நீக்கிய கத்திகளைப் பயன்படுத்தலாம்.

அச்சிலிருந்து ஊசி முனையளவு பொடியைக் கிருமி நீக்கிய நீரில் கலந்து, பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய் ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒரு தட்டில் பரப்பினேன். கடைசித் தட்டுகளில் ஸ்போர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழுந்திருக்கும். நமக்கு வேண்டியது அவைதான்.

1729இல் இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி இதே வேலையை முலாம்பழத் துண்டுகளின் மேல் செய்தார். பூசணத்தின் ஸ்போர்களைத் தூவி, எந்த வகையைத் தூவினாரோ அதே வகை மறுபடி வருவதைக் காட்டினார். பூஞ்சைகள் அழுகலிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. குக்கரும் அகரும் இல்லாமல் அவர் அதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சிப்பிக் காளானின் ஸ்போர் நீள்உருளை வடிவம், ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் நீளம், 3 முதல் 4 மைக்ரான் அகலம். 400 மடங்கு பெரிதாக்கத்தில் தாராளமாகத் தெரியும். ஈரமும் சர்க்கரையும் கிடைத்ததும் ஒரு முனையிலிருந்து குழாய் நீள்கிறது. அது நீண்டு கிளைத்து, கிளை மறுபடி கிளைத்து வலையாகிறது. ஒற்றை இழைக்கு ஹைஃபா என்றும், முழு வலைக்கு மைசீலியம் என்றும் பெயர்.

வில்லையில் மெல்லிய அகர் துண்டு ஒன்றை வைத்து, மேலே மூடுவில்லை போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு இழைகள் நீள்வதை விட்டு விட்டுக் கவனித்தேன். பின்னால் இருக்கும் கிளை இடைவெளிகள் மாறுவதில்லை. நுனி மட்டும் முன்னேறுகிறது. நுனியில்தான் சுவர் இளக்கமாக இருக்கும். சுவர் கட்டும் பொருட்களைச் சுமந்த நுண்பைகள் பின்னாலிருந்து அங்கே வந்து குவிகின்றன, உள்ளிருக்கும் நீரழுத்தம் நுனியை முன்னால் தள்ளுகிறது, சற்றுப் பின்னால் சுவர் இறுகிவிடுகிறது. குறுக்குச் சுவர்கள் இருந்தாலும் அவற்றின் நடுவில் துளை உண்டு. அதனால் ஒரு மூலையில் கிடைத்த உணவு இன்னொரு மூலைக்குப் போய்ச் சேரும்.

அந்தச் சுவரில் கைட்டின் இருக்கிறது, பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். சேமிப்பு உணவு மாவுச்சத்து அல்ல, நம் கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன். உயிரிகளை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்து 1969இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலக வகைப்பாடு பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்தது. பின்னால் வந்த மரபணு ஒப்பீடுகள், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின.

வெளியே செரித்து உள்ளே உறிஞ்சுவது

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே விட்டு, அங்கேயே உணவைக் கரைத்து, கரைந்ததை இழைச் சுவர் வழியாக உறிஞ்சுகிறது. படித்து ஒப்புக்கொள்வதைவிட இதைத் தட்டில் பார்ப்பது நல்லது.

அகரோடு சிறிது மாவுச்சத்து சேர்த்த தட்டின் நடுவில் மைசீலியம் வைத்து, அது பாதித் தட்டு பரவியதும் மேலே நீர்த்த அயோடின் கரைசலை ஊற்றினேன். மாவுச்சத்து மீதி இருக்கும் இடமெல்லாம் கருநீலமானது. மைசீலியத்தைச் சுற்றி மட்டும் நிறமற்ற வளையம். இழை இன்னும் எட்டாத இடத்திலும் மாவுச்சத்து காலியாகியிருந்தது. ஆக, இழைக்கு முன்னால் நொதி போகிறது.

இன்னொரு தட்டில் டானிக் அமிலம் கலந்தேன். இது 1928இல் பாவெண்டாம் வகுத்த பழைய சோதனை. மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகள் வெளியிடும் ஆக்சிஜனேற்ற நொதிகள் டானிக் அமிலத்தைப் பழுப்பாக்கும். சிப்பிக் காளான் தட்டில் பழுப்பு வளையம் நன்றாகவே விரிந்தது. லிக்னின் என்பது மரத்துக்கு விறைப்பு தரும் பொருள், ஒழுங்கான கட்டமைப்பு இல்லாததால் உடைப்பது கடினம். அதை முழுவதும் உடைக்கக்கூடியவை உலகில் மிகக் குறைவு. அவற்றில் முதன்மையானவை இந்த வெள்ளழுகல் பூஞ்சைகள். பழுப்பான லிக்னின் போய் வெளிறிய செல்லுலோஸ் மிஞ்சுவதால் அப்படியொரு பெயர்.

ஜோடி சேர்த்தது

இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் எடுத்ததும் அதிக மகிழ்ச்சி தந்ததும் இதுதான்.

தனி ஸ்போர் முளைத்து வரும் மைசீலியத்தில் ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. வளரும், தின்னும், ஆனால் வழக்கமாகக் காளான் விடாது. ஒத்துப்போகும் இன்னொரு மைசீலியத்தோடு இணைய வேண்டும். இணைந்ததும் உட்கருக்கள் உடனே ஒன்றாகிவிடுவதில்லை. ஒரு பக்கத்து உட்கரு மறுபக்கத்து இழைகளுக்குள் பயணம் செய்து, ஒவ்வொரு செல்லிலும் இரண்டிரண்டாகக் குடியேறுகிறது. அந்த இரட்டை நிலையிலேயே மாதக்கணக்கிலும் அதற்கு மேலும் வாழும். கடைசியில் காளான் எழுந்து, செவுளில் பசிடியம் உருவாகும்போதுதான் இரண்டு உட்கருக்களும் கலக்கின்றன. உடனே மரபுப் பொருளைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடந்து நான்கு ஸ்போர்களாகப் பிரிகின்றன.

உட்கருவைச் சாதாரண நுண்ணோக்கியில் சாயமில்லாமல் பார்ப்பது கடினம். நல்லவேளையாக இரட்டை நிலைக்கு வெளிப்படையான அடையாளம் ஒன்று உண்டு. செல் பிரியும்போது இரண்டு உட்கருக்களும் ஒரே நேரத்தில் பிரிகின்றன. புது செல்லிலும் பழைய செல்லிலும் ஒவ்வொரு வகைக்கு ஒன்று சரியாகச் சேர, இழையின் பக்கத்தில் சிறு கொக்கி முளைத்து, பின்னோக்கி வளைந்து, ஓர் உட்கருவைப் பின்செல்லுக்கு மாற்றிவிடுகிறது. கொக்கி அப்படியே ஒட்டி, குறுக்குச் சுவர் இருக்கும் இடத்தில் சிறு புடைப்பாக நின்றுவிடும். இதுவே பிடி இணைப்பு.

முதலில் தனித்தனியாக முளைத்த சிறு காலனிகளைக் குறைந்த பெரிதாக்கத்தில் பார்த்து, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள அகரோடு வெட்டித் தனித்தட்டுக்கு மாற்றினேன். வளர்ந்தபின் ஒவ்வொன்றிலும் பிடி இணைப்பு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் அதில் முன்பே இரண்டு ஸ்போர்கள் சேர்ந்துவிட்டன என்று பொருள், அதை ஒதுக்கிவிட்டேன். மிஞ்சியவற்றை எண்ணிட்டு, கட்டம் போட்டு, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஜோடி ஜோடியாக ஒரே தட்டில் சற்று இடைவெளி விட்டு வைத்தேன். அவை சந்தித்து நன்கு பரவிய பிறகு, சந்திப்புக் கோட்டிலிருந்து எடுக்காமல் இரு பக்கத்துத் தூர ஓரங்களிலிருந்தும் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் பிடி இணைப்பு இருந்தால் உட்கரு உண்மையிலேயே மறுபக்கம் வரை போயிருக்கிறது.

கட்டத்தில் பொருந்திய ஜோடிகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். அப்படித்தான் வர வேண்டும். சிப்பிக் காளானில் பொருத்தத்தை இரண்டு தனித்தனி மரபணு இடங்கள் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் வேறுபட்டால்தான் ஜோடி முழுமை பெறும். ஒரே காளானின் ஸ்போர்கள் நான்கு வகையாகப் பிரிவதால், ஒவ்வொரு வகைக்கும் உடன்பிறந்தவற்றில் ஒரு வகை மட்டுமே பொருந்தும். ஆண், பெண் என்ற பிரிவே இங்கு இல்லை. ஸ்கிசோஃபில்லம் கம்யூன் என்ற சிறு விசிறிக் காளானில் இப்படிப்பட்ட இணை வகைகள் 20,000க்கும் மேல். உடன்பிறப்போடு சேர்வது கடினம், அந்நியரோடு சேர்வது மிக எளிது என்ற ஏற்பாடு இது.

ஒரு தட்டை வேண்டுமென்றே மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அதில் வந்தவற்றையும் பார்த்துவிடலாம் என்றுதான். ட்ரைக்கோடெர்மா என்ற பூசணம் வெள்ளையாகத் தொடங்கி அடர்பச்சைக்கு மாறியது. ரைசோபஸ் என்ற இன்னொரு பூசணம் குறுக்குச் சுவரில்லாத அகன்ற இழைகளோடு தாவித் தாவிப் படர்ந்து, நிமிர்ந்த காம்புகளின் உச்சியில் கரிய உருண்டைப் பைகளை வைத்தது. இவற்றின் ஸ்போர்களுக்கு ஜோடி தேவையில்லை. இழை நுனியிலோ பைக்குள்ளோ தன் நகல்களையே ஏராளமாக உண்டாக்கிக் காற்றில் விடுகின்றன. சிப்பிக் காளான் வாரங்கள் எடுத்துச் செய்வதை இவை ஓரிரு நாளில் முடிக்கும். வளர்ப்பில் சுத்தத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் இருப்பது இந்த வேக வித்தியாசத்தால்தான்.

தானியம், வைக்கோல்

பொருந்திய ஜோடிகளில் வேகமாக ஓடிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஊறவைத்து அரைவேக்காடாக வேகவைத்த தானியத்தைப் புட்டியில் அடைத்து 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஆறியபின் அகர் துண்டுகளைப் போட்டேன். வெள்ளையாகப் பரவ ஆரம்பித்ததும் புட்டியைக் குலுக்கினால் பரவல் வேகமாகும், ஏனென்றால் ஒவ்வொரு மணியும் ஒரு புதுத் தொடக்கப் புள்ளியாகிறது.

தானியத்துக்கு முழுக் கிருமி நீக்கம் வேண்டும், வைக்கோலுக்கு வேண்டாம். தானியத்தில் எல்லோருக்கும் எளிதில் செரிக்கும் உணவு இருக்கிறது. ஒரே ஒரு பூசண ஸ்போர் தப்பினாலும் அது முந்திவிடும். வைக்கோலில் மீதி இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினும். அதைத் தின்னத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே நறுக்கி ஊறவைத்து, 70 முதல் 80 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் போட்டியாளர்கள் போதுமான அளவு குறைந்துவிடுவார்கள். கரையும் சர்க்கரையும் நீரோடு போய்விடும்.

அப்புறம் வடிகட்டல். கைப்பிடி அளவு எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். கரைந்ததைத்தான் இழையால் உறிஞ்ச முடியும், எனவே ஒவ்வொரு நாரின் மேலும் நீர்ப்படலம் தேவை. ஆனால் சிப்பிக் காளானுக்கு மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். இடைவெளிகள் முழுக்க நீர் நின்றால் இழை மூச்சடைத்து நின்றுவிடும், அங்கே பாக்டீரியா நாற்றம் கிளம்பும்.

பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று நிரப்பி, இறுக்கிக் கட்டி, ஊசித் துளைகள் போட்டு 25 டிகிரி அளவில் வைத்தேன். நடுவில் வெப்பமானி செருகியிருந்தேன். பையின் உட்பகுதி அறையைவிடச் சூடாகவே இருந்தது, அது இழைகளின் சுவாச வெப்பம். பெரிய பைகளில் இந்தச் சூடு கூடி நடுப்பகுதி மைசீலியத்தையே கொன்றுவிடலாம், அதனால் பையை ஒல்லியாக வைப்பது பாதுகாப்பு. எடையும் குறைந்துகொண்டே வந்தது. வைக்கோலின் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறுகிறது, ஈரமும் கொஞ்சம் ஆவியாகிறது.

ஆங்காங்கே தூவிய வித்துகளிலிருந்து பரவிய வெள்ளைத் திட்டுகள் சந்தித்ததும் எல்லைக் கோடே தெரியாமல் கலந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே மரபு உள்ளவை என்பதால் இழையோடு இழை ஒட்டி ஒரே உடலாகிறது. இந்த இணையும் திறன் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மல்ஹூர் தேசிய வனத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் ஆர்மிலேரியா பூஞ்சை ஒன்றே சாட்சி. சுமார் 965 ஹெக்டேர் பரப்பில் பரவியிருப்பது ஒரே தனி உயிரி.

காற்றும் ஒளியும்

பை முழுதும் வெள்ளையானதும் பக்கங்களில் கீறல் போட்டு, ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் இருக்கும் இடத்துக்கு மாற்றினேன். புதுக் காற்றும் சிறிது வெளிச்சமும் கிடைத்ததும் கீறல்களில் கடுகளவு மொட்டுக் கூட்டங்கள் வந்தன. மொட்டிலேயே காளானுக்கு வேண்டிய செல்களில் பெரும்பகுதி உருவாகிவிடுகிறது. பிறகு நடப்பது முக்கியமாக நீரை ஏற்றி அந்தச் செல்கள் விரிவதுதான். ஒரே இரவில் பெருத்துவிட்டது என்று தோன்றுவதற்குக் காரணம் அதுவே.

ஒரே தொகுப்பில் வந்த இரண்டு பைகளை வேறுவேறாக வைத்தேன். ஒன்று காற்றோட்டத்தில், இன்னொன்று மூடிய வாளிக்குள். வாளிக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அங்கே வந்தவை தண்டு மட்டும் நீண்டு, உச்சியில் பெயருக்கு ஒரு குடை. மரப்பொந்துக்குள் மொட்டு விட்டதாக வைத்துக்கொண்டால் இது நியாயமாகப் படுகிறது. கார்பன் டை ஆக்சைடு அதிகமென்றால் இன்னும் வெளியே வரவில்லை. திறந்த காற்றை எட்டும் வரை குடை விரித்துப் பயனில்லை. வாளியைத் திறந்ததும் அடுத்து வந்த மொட்டுகள் ஒழுங்காகக் குடை விரித்தன.

குடைகள் முதிர்ந்த அறையில் முகக்கவசம் இல்லாமல் நிற்க வேண்டாம். சிப்பிக் காளான் ஸ்போரைப் பெருமளவில் கொட்டும். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருவது மருத்துவம் அறிந்த விஷயம்.

புழு பிடிக்கும் இழை

மரத்திலும் வைக்கோலிலும் கார்பன் ஏராளம், நைட்ரஜன் மிகக் குறைவு. சிப்பிக் காளான் அதற்கு ஒரு வழி வைத்திருப்பதை 1984இல் தார்ன், பாரன் என்ற இருவர் வெளியிட்டார்கள். மண்ணிலிருக்கும் நூற்புழுக்களை இது பிடித்துத் தின்கிறது. ஊட்டமில்லாத வெறும் அகரில் மைசீலியத்தைப் பரவவிட்டு, ஈரமண்ணைத் துணியில் கட்டி நீரில் தொங்கவிட்டு இறங்கிய புழுக்களை ஒரு சொட்டில் விட்டேன். நெளிந்து ஓடிக்கொண்டிருந்தவை இழையில் பட்ட சில நிமிடங்களில் தளர்ந்து நின்றன. இழைகளில் காம்போடு நிற்கும் மிகச் சிறிய உருண்டைச் செல்கள் உண்டு. புழு உரசும்போது அவை உடைந்து 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருளை விடுகின்றன என்று 2023இல் கண்டறிந்தார்கள். செயலிழந்த புழுவுக்குள் பிறகு இழைகள் புகுந்து உள்ளே செரிக்கின்றன.

இப்போது பொருந்திய ஜோடிகளையும் தனி ஸ்போர் மைசீலியங்களையும் சாய்வு அகர் குழாய்களில் வளர்த்து, எண்ணிட்டு, 4 டிகிரியில் வைத்திருக்கிறேன். அடுத்ததாக வேறு மூலத்திலிருந்து வந்த சிப்பிக் காளானின் தனி ஸ்போர்களை இவற்றோடு அதே கட்ட முறையில் ஜோடி சேர்க்கப் போகிறேன். மூலங்கள் உண்மையிலேயே வேறானால், அவற்றின் பொருத்த மரபணுக்களும் பெரும்பாலும் வேறாக இருக்கும், கட்டத்தின் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் பிடி இணைப்பு வர வேண்டும். மறுபடி நான்கில் ஒரு பங்குதான் வந்தால், இரண்டும் ஒரே ரகத்தின் வித்திலிருந்து வந்தவை என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும்.